உப்புச் சர்க்கரை மாற்றும் முன்

எருமப்பட்டி,
10-10-1982

அன்பு மகள் ராசாத்திக்கு,

அம்மா எழுதுவது. முதலில் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். திருத்தாமல் அடுத்த வரிக்குப் போக எனக்குக் கை வராது என்பது உனக்குத் தெரியும்.

வைகாசித் திருவிழா முடிந்த மறுவாரம் நான் மாரியம்மன் கோயில் முன்னால் கற்பூரத்தை அணைத்து, இனி ராசாத்தி வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்ததாக இங்கே ஒரு பேச்சு நடக்கிறது. உன் அத்தை காளியாத்தாள் அதை உன் மாமியார் ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். கற்பூரம் எந்தக் கடையில் வாங்கினேன் என்பதைக்கூடச் சொல்கிறாளாம். நான் அப்படி எந்தச் சத்தியமும் செய்யவில்லை. என் முழங்கால் இருக்கிற இருப்புக்கு அந்தக் கோயில் மேட்டை ஏறி ஐந்து மாதம் ஆகிறது.

திருவிழாவின்போது உன் மகள் ரமா அந்தப் பதிலைச் சொன்ன பிறகு நான் உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதுதான் உண்மை. மறுநாள் காலை நீயும் ரமாவும் சேலம் பஸ் ஏறும்போதும் பேசவில்லை. அந்தப் பேசாமை என்னுடைய தப்பு. சத்தியம் மட்டும் காளியாத்தாளுடையது.

முழங்கால் தவிர மற்றபடி சுகமாக இருக்கிறேன். ஆவணியில் நல்ல மழை. கிணற்றில் பத்துப் படிக்கட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. கடலைக்காய் பிடுங்க ஆள் கிடைக்காமல் உன் அண்ணன் சென்னியப்பன் தினமும் வாசலில் நின்று கத்துகிறான். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்டு மாறிவிட்டதா? பிலாயில் இந்நேரம் குளிர் ஆரம்பித்திருக்கும். நெஞ்சுச் சளிக்கு ஆடாதோடைப் பொடி அனுப்பினேனே, வந்து சேர்ந்ததா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது ஒரு நன்றிக் கடிதம். கான்வென்டில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: ஒருவர் ஒரு நல்லது செய்தால் மூன்று நாளைக்குள் எழுதி நன்றி சொல்ல வேண்டும். போஸ்ட் மாஸ்டருக்கு எழுதியிருக்கிறேன், பல் பிடுங்கிய டாக்டருக்கு எழுதியிருக்கிறேன். பெற்ற மகளுக்கு நன்றி எழுதும் வழக்கம் நம்மில் கிடையாது. இப்போது எழுதுகிறேன். மூன்று நாளுக்குப் பதில் ஐந்து மாதம் ஆகிவிட்டது, அதற்கு மன்னிக்க வேண்டும்.

எழுத வைத்தவள் உன் மகள். போன வாரம் அவளுடைய கார்டு வந்தது. ராமாத்தாள் என்று உன் மாமியார் ஆசையாக வைத்த பெயரை அவள் ரமா என்று வெட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தமுண்டு. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறாளாம். கடைசியில், “என்னை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டு என் விருப்பத்தைக் கேட்டதற்கு நன்றி, அம்மாயி. கேட்காமலே முடித்திருக்கலாம், நீங்கள் கேட்டீர்கள்” என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த நன்றி எனக்குச் சேர வேண்டியதல்ல. விலாசம் மாறி வந்த தபாலை வைத்துக்கொள்வது போல் இருக்கிறது.

நடந்ததை நீ அறிவாய். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது.

தன் மகன் மயில்சாமிக்கு ரமாவைக் கட்டுவது என்று உன் அண்ணன் மாசியிலேயே முடிவு செய்துவிட்டான். மாமன் மகனுக்கு அத்தை மகள், உரிமைதானே என்றான். திருவிழாவுக்கு நீங்கள் வருவதற்கு முன்பே உப்பும் நாட்டுச் சர்க்கரையும் வாங்கித் தட்டில் வைத்துத் துணி மூடியாகிவிட்டது. உப்புச் சர்க்கரை கை மாறிவிட்டால் நம்மில் தாலி கட்டியதற்குச் சமம், பிறகு பின்வாங்க முடியாது. இது அத்தனையும் எனக்குத் தெரியும். நான் தாலி இழந்தவள் என்பதால் தட்டுக்கு முன்னால் வரக்கூடாது என்று நடை ஓரம் நின்றேன். ஆனால் பெண்ணைக் கேட்பது மட்டும் நானாக இருக்க வேண்டும் என்று உன் அண்ணன் சொன்னான். ஏன் தெரியுமா? நான் கேட்டால் இந்த வீட்டில் யாரும் மறுத்துச் சொன்னதில்லை.

நானும் கேட்டேன். “சாமி, உனக்கு இஷ்டமிருந்தாச் சரி, இல்லீன்னா வேண்டாம். ஆப்ஷனல்தான்” என்றேன்.

அவள் முகம் மலர்ந்து, “அப்படிங்களா அம்மாயி? அப்ப எனக்கு வேண்டாங்க. மயிலு மச்சான் மேல கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் காலேஜுக்குப் போறனுங்க” என்றாள். “புள்ள வெளையாடுது” என்று காளியாத்தாள் சிரித்தாள். உன் அண்ணன் உன்னைப் பார்த்து, “ஏம்மிணி, நீயே எடுத்துச் சொல்லு” என்றான். நீ குரலை உயர்த்தவில்லை. “அம்மா கேட்டாங்க, அவ சொல்லிட்டா. எங்கிட்டக் கேட்டப்ப உப்புச் சக்கரை மாத்தி முடிஞ்சிருந்துதுங்கண்ணா” என்றாய். அண்ணனுக்குச் சொன்னாய், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாய்.

ஆப்ஷனல் என்ற அந்தச் சொல்லை நான் எங்கே கற்றேன் என்று உனக்குச் சொன்னதில்லை. பதினோரு வயதில் சேலத்துக் கான்வென்டில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத் தையல் வகுப்பு ஆப்ஷனல் என்று பலகையில் எழுதியிருந்தது. அகராதியில் பார்த்தேன். அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது, கட்டாயமில்லாதது என்று போட்டிருந்தது. சந்தோஷமாகப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தேன். யாரும் திட்டவில்லை. மறுநாள் காலை வரிசையில் மதர் என் முன்னால் நின்று, சௌந்திரம் தன் விருப்பப்படி நடக்கும் பெண் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அடுத்த வாரம் ஊசியும் நூலுமாக முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் நான்தான். மதரைக் குறை சொல்லவில்லை. இன்றும் என் புடவைக்கு நானே ஓரம் அடித்துக்கொள்கிறேன் என்றால் அவர்கள் போட்ட பிச்சை. ஆனால் அகராதியில் இல்லாத ஒன்றையும் அன்று சேர்த்துக் கற்றுக்கொண்டேன். எந்தக் குரலில் சொன்னால் அந்தச் சொல் கட்டளையாகும் என்பதுதான் அது. அதை வைத்து நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினேன்.

இங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார், வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு ஆப்ஷன் கொடுத்திருக்கிறேன் என்கிறார். பரீட்சை எழுதும் பிள்ளைகள் தெரியாத கேள்வியை சாய்ஸில் விட்டுவிட்டேன் என்கிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தைத் திருத்துவது என் பொழுதுபோக்கு. அவர்கள் சொல்வதை அவர்கள் செய்யவாவது செய்கிறார்கள். நான் இலக்கணம் பிசகாமல் சொல்லிவிட்டு, செய்யவில்லை.

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நன்றி மட்டும் எழுதினால் அது பாதிக் கடிதம்.

1962-இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் காம்போசிட் மேத்ஸில் நீ எண்பத்தேழு மார்க் வாங்கி, சேலம் கல்லூரியில் பி.யு.சி.க்கு இடமும் கிடைத்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். உப்புச் சர்க்கரை மாற்றிவிட்டு உள்ளே வந்து, உனக்கு விருப்பந்தானே என்று கேட்டேன். “உங்க இஷ்டங்கம்மா” என்றாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதுவரை உனக்குத் தெரியும்.

உன் அப்பாதான் படிப்பை நிறுத்தினார் என்று நீ நினைத்திருக்கிறாய். எனக்கு அது தெரியும். அவர் சாகும்வரை, நீ இங்கே வந்தபோதெல்லாம் அவர் தட்டில் சோறு வைத்தாயே தவிர, முகம் பார்த்துப் பேசியதில்லை. அவர் ஒருநாள்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “ஒரு வருசந்தான, படிச்சுப்போட்டு வரட்டுமே. மாப்ள ஓடியா போயிருவாரு?” என்றுதான் அவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. பிலாய் உருக்காலையில் வேலை, குவார்ட்டர்ஸ், குடிப்பழக்கமில்லாத பையன்; ஒரு வருஷத்தில் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். உன் இடம் வேண்டாம் என்று கல்லூரிக்கு எழுதியதும் நான்தான். என் மகள் தன் சொந்த விருப்பத்தின்பேரில் சேராதிருக்கத் தீர்மானித்திருக்கிறாள் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் நகல் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எழுதும் எதற்கும் நகல் வைப்பவள் அல்லவா நான். அவள் விருப்பத்தை மதிக்கிறோம், உங்கள் ஆங்கிலம் அருமை என்று பதில் வந்தது. அந்தப் பாராட்டை நாலு பேரிடம் காட்டினேன், ராசாத்தி.

மாப்பிள்ளை தங்கமானவர். அதற்காக நான் கேட்ட விதம் சரியாகிவிடாது. முப்பது வயதுக்கு மேல், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு தபால் வழியாக பி.ஏ. படித்து, இன்று அங்கே பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறாய். அதற்கு நான் ஒரு வரி பாராட்டி எழுதவில்லை. எழுதினால் 1962-ஐப் பற்றியும் எழுத வேண்டி வரும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே ரமா எனக்கு அனுப்பிய நன்றியை உனக்குத் திருப்பி விடுகிறேன். கேட்டது நான். ஆனால் அவள் சொன்ன பதில் நிற்கும்படி செய்தவள் நீ. அன்று நீ அவளைக் கண்ணால் அதட்டியிருந்தால் போதும், நான் அந்தக் குழந்தையையும் ஒரு நல்ல வாக்கியத்தில் முடித்திருப்பேன். இரண்டாவது முறை அந்தப் பாவத்தைச் செய்யவிடாமல் என்னைக் காப்பாற்றினாய்.

இன்னொன்றும் கேள். நீங்கள் போன பத்தாம் நாள் மயில்சாமி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். “எனக்கும் இப்ப வேண்டாம்னுதானுங்க இருந்துது. ரிக்கு வண்டியோட ரெண்டு வருசம் வெளிய சுத்திப்போட்டு வரலாம்னு பாத்தேன். என்னைய யாருங்க கேட்டாங்க?” என்றான். யாரும் கேட்கவில்லைதான். பையனைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி ஒன்றில் சேர்ந்து, நாக்பூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறான். ஆக, உன் மகள் ஒரு வார்த்தையில் இரண்டு பேரை விடுவித்திருக்கிறாள்.

உன் அண்ணன் கோபம் ஆடியோடு தணிந்துவிட்டது. “ஏனுங்கம்மா, உங்களுக்கு மட்டும் இங்கிலீசு தெரியாம இருந்திருந்தா என் பையனுக்குக் கண்ணாலம் முடிஞ்சிருக்குமுங்க” என்று இப்போது கேலி பேசுகிறான். அந்தத் தட்டிலிருந்த சர்க்கரை காப்பிக்குப் போயிற்று. உப்பை மாங்காய் ஊறுகாயில் போட்டோம்; இந்த வருஷ ஊறுகாய் நன்றாக வந்திருக்கிறது. ஒரு ஜாடி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அதைக் கொடுத்தனுப்புவதா, நானே கொண்டுவருவதா என்பதுதான் நான் கேட்க வந்தது. கார்த்திகை கழிந்து பிலாய்க்கு வந்து உங்களோடு ஒரு பதினைந்து நாள் இருக்கலாமா? பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்கிச் சாப்பிடுவது நம்மில் வழக்கமில்லை என்று சொல்லிச் சொல்லி, நீ இருபது வருஷமாகக் கூப்பிட்டும் ஒருமுறைகூட வராதவள் நான். இப்போது நானாகக் கேட்கிறேன். மயில்சாமி கார்த்திகையில் ஊர் வந்து திரும்புகிறான், ரயிலில் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறான். உடனே டிக்கெட் போட்டுவிடட்டுமா என்று உன் அண்ணன் நேற்றுக் கேட்டான். வேண்டாம், அவள் பதில் வரட்டும் என்றேன். பெட்டியும் கட்டவில்லை, வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவும் இல்லை. காளியாத்தாளுக்குக்கூடத் தெரியாது.

வரவேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அப்படியே எழுது. காரணம் எழுத வேண்டியதில்லை, நான் கேட்கவும் மாட்டேன். ஊறுகாய் எப்படியும் வந்து சேரும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ரமாவுக்கும் மாரியம்மன் குறையாத ஆயுளைக் கொடுக்கட்டும். ரமாவின் கணக்குப் புத்தகங்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து நீயே கையில் எடுத்துக் கொடு. அது நான் உனக்குச் செய்யாமல் விட்டது.

வரட்டுமா, வேண்டாமா என்று உன் கைப்பட எனக்கு ஒரு பதில் எழுது.

உன் அம்மா,
சௌந்திரம்