பின்சீட்டில் இருப்பவள்

என் அருமைக் கணவருக்கு, உங்கள் வீட்டுக்காரி எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லாரும் என்றால் நானும் உங்கள் தொட்டி மீனும்தான். மீன் சௌக்கியம். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அவசரப்படாமல் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் கம்பெனி கேட்டில் இருக்கிற அந்த ஒற்றைப் போனுக்குப் பின்னால் பத்துப் பேர் காத்து நிற்கும்போது இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

முதலில் சண்டையை முடித்துக்கொள்கிறேன். நீங்கள் ஓட்டிச் சோதிக்கிற புது பைக்கின் பின்சீட்டில் ஆளுக்குப் பதிலாக உட்காரவைக்கிற பொம்மைக்கு மணல் நிரப்ப என் எடையைச் சொன்னீர்களாமே! பெண்டாட்டி எடையை இன்ஜினியரிடம் ஒப்பிக்கிற புருஷன் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா? கல்யாணத்தின்போது இருந்த எடையையாவது சொல்லியிருக்கலாம். அது போதாது என்று, துணி காற்றில் படபடப்பதும் சோதனையில் சேர்த்தி என்று சொல்லி, நான் பைக்கில் போகும்போது போடுகிற பழைய கோட்டையும் கொண்டுபோய் அதற்கு மாட்டிவிட்டீர்கள். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் நீங்கள் வேடிக்கையாக எழுதியது நினைவிருக்கிறதா? அந்தப் பெரிய வண்டி ஒரு வேகத்தைத் தாண்டியதும் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கிறது, ஆட்டம் பெருகினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் பொம்மை முன்னால் சாய்ந்து உங்கள் முதுகில் அழுந்துகிறது, உடனே வண்டி பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பொம்மையின் இடுப்பு வெல்டிங் வைத்த இரும்புக் குழாய், அது எப்படிச் சாயும் என்று இன்ஜினியர் சிரித்தாராம். படம் பிடித்துப் பார்த்தால் நட்டுவைத்த மாதிரி நேராக உட்கார்ந்திருந்ததாம். ஆனால் உங்கள் வலது பாக்கெட்டை யாரோ இறுக்கிப் பிடிப்பது உங்களுக்குத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

கல்யாணமான புதிதில் நம் வண்டி நெடுஞ்சாலையில் ஒரு தடவை அப்படி ஆடியது. ஹேண்டிலை இறுக்கினால் ஆட்டம் கூடும், கனம் முன்னால் வந்தால்தான் அடங்கும், அதனால் நீ என்மேல் சாய்ந்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். அன்றைக்கு நான் பிடித்தது உங்கள் வலது பாக்கெட்டைத்தான். அதற்குப் பிறகு எப்போதும் அதுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று காதில் ஹோவென்று காற்று அடைத்தது. உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. முழங்கால் இரண்டும் எதையோ இறுக்கின. பெரியவர் பயந்து நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். முத்தம் கொடுக்க வருகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ! முதலாளி தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். நெற்றியில் சுருக்கென்று இருந்ததால் துடைத்துப் பார்த்தேன். நசுங்கின பூச்சி ஒன்று விரலில் ஒட்டியிருந்தது. ஏசி போட்டு மூடின கடைங்க அது.

அதற்குப் பிறகு தினமும் காலை வேளையில், காற்று குறைவாக இருக்கிறது என்று நீங்கள் வண்டியை எடுக்கிற நேரத்தில்தான் வரும். கைவேலையைப் போட்டுவிட்டுச் சாய்வேன். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். பித்துப் பிடித்துவிட்டதோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

சாய்ந்து சாய்ந்து இடுப்பு போய்விட்டது. டாக்டர் விறைப்பான பெல்ட் ஒன்றைக் கட்டிவிட்டு, குனியவே கூடாது என்றார். கட்டின மறுநாள் காலையில் காற்று வந்தது. சாயப் பார்த்தேன், முடியவில்லை. பெல்ட்டை அவிழ்ப்பதற்குள் காற்று நின்றுவிட்டது. அந்த வாரம் உங்கள் கடிதம் வந்தது. வண்டி அடங்காமல் புல்தரையில் தூக்கிப் போட்டதாகவும், தோள்பட்டை எலும்பு முறிந்ததாகவும், அன்றைக்கு மட்டும் அவள், அதாவது அந்தப் பொம்மை, சாயவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீங்கள் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த நாளெல்லாம் எனக்கு ஒன்றுமே வரவில்லை. மறுபடி நீங்கள் வண்டி ஏறின காலையிலேயே எனக்கும் வந்துவிட்டது. பெல்ட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன். இனி எனக்குச் சந்தேகமே இல்லை.

நேற்று வந்த கடிதம்தான் என்னைக் கதிகலங்க வைத்துவிட்டது. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிகளில் முழுச் சுமை ஏற்றி, இதுவரை போகாத வேகத்தில், ஹேண்டிலிலிருந்து உங்களைக் கையை எடுக்கச் சொல்லிப் பார்க்கப்போகிறார்கள், அதிலும் தேறிவிட்டால் வண்டி விற்பனைக்கு வந்துவிடும், பின்னால் அவள் இருக்கிறாள், பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏங்க, உங்களுக்குப் புத்தி இருக்கிறதா? அந்த வண்டி எங்கே தேறியது? நான் சாய்கிறேன், அதனால் அடங்குகிறது. நாளைக்கு அதை வாங்குகிறவன் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, மூட்டை முடிச்சோடு, சாலை நன்றாக இருக்கிறதே என்று முறுக்குவான். அவளுக்குச் சாயச் சொல்லி யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

பொம்மையை இறக்கச் சொல்லுங்கள். என் கோட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். வண்டி ஆடுகிறது, திருத்தாமல் இனி ஏறமாட்டேன் என்று இன்ஜினியரிடம் அடித்துச் சொல்லுங்கள். பயந்துவிட்டான் என்று சிரித்தால் சிரிக்கட்டும். என் கதையைச் சொல்ல வேண்டாம். யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. ஒளிக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நரம்பு நசுங்கி இடது பாதம் மரத்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. முதுகில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் கால் திரும்பாது என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகு குனிய முடியுமா என்று கேட்டேன். அதை மறந்துவிடுங்கம்மா என்றார். சரி, அப்படியானால் இப்போது வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். தங்கச்சி என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். காரணத்தை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வரட்டும். அன்றைக்கே போய் ஆபரேஷனுக்குப் படுத்துவிடுகிறேன்.

கடவுள் உங்களைக் காப்பாற்றுவார் என்று எழுதித்தான் முடிக்க வேண்டும். இப்போதைக்கு அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் ரொம்ப நாள் முடியாதுங்க, சீக்கிரம் இறங்கிவிடுங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி