ஒப்பிட எடுத்த ரத்தம்

என்னங்க,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். விடுமுறைக்கு வரும்போது சரிசெய்வதாக நீங்கள் சொன்ன சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வீட்டில் அந்தச் சத்தம்தான் துணை.

உடலுறவால் தொற்றும் மேகநோய்க்கான எங்கள் தடுப்பூசியை முயல்களுக்குப் போட்டுவிட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க, அந்த நோயே அண்டாத ஒருவரின் ரத்தம் தேவைப்பட்டது. “அக்கா இருக்கும்போது வெளியே எதுக்குத் தேடணும்?” என்று ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன்.

என் ரத்தத்தில் நோய் இருந்தது. “மெஷின் கோளாறா இருக்கும்க்கா” என்று அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பிறகு எனக்குப் பதிலாகத் தன் கையை நீட்டினாள்.

எனக்கு மருந்து போட்டாகிவிட்டது, குணமாகிவிடும். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவளிடமும் சொல்லிவிடுங்கள்.

குழாய்க்கு நான் ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களைத் தவிர யாரையும் அறியாத,
மனைவி