நான் நடக்காத தரை

அக்கா,

இன்று காலை புத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் நெயில் பாலிஷ் வாசனை அடித்தது. முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண், பஸ் குலுங்குகிற குலுக்கலில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு பூசிக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டு வாசனை. எனக்கு மட்டும் அது ஏரி வாசனை. உன்னால் வந்த வினை.

என் காலடியில், சீட்டுகளுக்கு நடுவே நீளமாக, உன் கழி கிடந்தது. எட்டடி மூங்கில். அடிக்கு ஒரு சிவப்பு வளையம். கண்டக்டர் அதில் இரண்டு முறை தடுக்கி, "ஏம்மா, ஈ கர்ர எந்துக்கம்மா?" என்று தெலுங்கில் சிடுசிடுத்தான். கம்பு எதற்காம். ஏரியின் ஆழம் பார்க்கிற கழி என்று சொல்ல வாய் வரவில்லை. பந்தல் போட என்றேன்.

அந்த வளையங்களை முதலில் நான் பெயிண்டால் போட்டிருந்தேன். இரண்டு மாதத் தண்ணீரில் உரிந்துபோனது. நீ நாராயணவனம் கோயில் தெருவில் பத்து ரூபாய் நெயில் பாலிஷ் ஒன்றை வாங்கி வந்து, ஏரிக்கரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து பூசினாய். "தோ பாரு, என் தம்பி கல்யாணத்துக்குப் போட்டது இன்னும் கால் கட்டவெரல்ல கீது. பெயிண்டாம் பெயிண்டு!" என்று காலைத் தூக்கிக் காட்டினாய். மீன் பிடிக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு அதைப் பற்றி என்ன கவலை.

நம் வேலையை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஊருக்குள் போனால் "மீன் மேடம் வந்துட்டாங்க" என்பார்கள், ஏதோ கூடையில் மீன் கொண்டுவந்த மாதிரி. நாம் கொண்டுபோனதெல்லாம் மீட்டரும் பாட்டிலும் சின்ன வலையும். விடிவதற்குள் ஏரியில் இறங்கியாக வேண்டும், தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைந்து நிற்கிற நேரம் அது. வலையில் விழுந்த கெண்டையையும் கெளுத்தியையும் பலகையில் வைத்து அளந்து, எழுதி, திரும்ப விட வேண்டும். ஏப்ரல் மாதத்தில் ஏரி வற்றியதும் தரை முழுக்க நடந்து, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தாளில் குறிக்க வேண்டும். தரை மாறினால் மீனும் மாறும் என்பது மீன்வளத் துறை ஆபீஸ் சொன்ன காரணம். மழைக்குப் பிறகு இறங்கப்போகிற நம் கால்களுக்கும் அந்தத் தாள்தான் கண் என்பது நாமே கண்டுகொண்டது.

ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். எனக்கு நீச்சல் தெரியாது, பயம் மட்டும் நன்றாகத் தெரியும். தண்ணீர்ப் பாம்பு, சேறு, கரையில் குடித்துவிட்டுக் கிடப்பவர்கள், ஆபீஸர் போன், எல்லாவற்றுக்கும் பயம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி, உன் கண்ணுக்கு வெளிச்சத்துலயும் பேயி" என்பாய். அதற்காக என்னை விட்டுக்கொடுத்ததில்லை. நீ இறங்குவாய், நான் கரையில் நின்று எழுதுவேன் என்று நீயே பிரித்துவிட்டாய். காலையில் பயத்தில் எனக்குத் தொண்டைக்குள் ஒன்றும் இறங்காது. டிபன் பாக்ஸைத் திறந்து என் மடியில் வைத்து, "மொதல்ல துன்னு, அப்புறமா பயப்படலாம்" என்பாய்.

நம் இரண்டு பேருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வேறு யாராவது குறித்த ஏரி என்றால் கழியை முன்னால் ஊன்றிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பாய். நம்மில் ஒருத்தி கோடையில் நடந்த ஏரி என்றால் கழியைக் கரையில் போட்டுவிடுவாய். ஒரு கையில் மீட்டர், ஒரு கையில் பாட்டில் கூடை, மூன்றாவது கைக்கு எங்கே போவது? நான் ஒருமுறை கழியை நீட்டியபோது வாங்கவில்லை. "நீ நடந்த தரையில எனக்கு எதுக்குடி கழி?" என்றாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பயந்தாங்கொள்ளியை நம்பவும் ஒருத்தி இருந்தாளே என்று.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாதது.

அந்த ஏப்ரல் மாதம் நீ நாராயணவனத்தில் சொந்தக்காரர் கல்யாணம் என்று மூன்று நாள் லீவு போட்டாய். ஏழாம் நம்பர் ஏரிக்கு நான் தனியாகப் போனேன். கரை ஏறும்போதே சத்தம் கேட்டது. ஏரிக்குள் ஒரு ஜேசிபி, நாலைந்து டிராக்டர். மதகுக்கு எதிரே மண்ணை வாரி வாரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தாளை விரித்து நின்றதும் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் வந்தான். கத்தவில்லை, மிரட்டவில்லை. "ஏம் ராஸ்துன்னாரு மேடம்?" என்றான். என்ன எழுதுகிறேன் என்று கேட்கிறான். மீன் கணக்கு என்றேன். "மீனே இல்லியே மேடம், இன்னாத்த எழுதிக்கினு கீறீங்க?" என்று தமிழுக்கு மாறிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே என் ஸ்கூட்டி நம்பர் பிளேட்டைப் போனில் படம் எடுத்தான். பிறகு கேட்டான்: "உங்க பொண்ணு மஞ்ச வேன்லதான இஸ்கூலுக்குப் போவுது?"

தரையில் ஓர் அடிகூட நடக்கவில்லை, அக்கா. ஸ்கூட்டியைத் திருப்பி, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, போன வருஷத் தாளை மடியில் வைத்துப் பார்த்து, அதே எண்களைப் புதுத் தாளில் எழுதினேன். தரை என்ற இடத்தில் 'மாற்றம் இல்லை' என்று தெலுங்கில் எழுதி, என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். பேனா பிடித்த கையில் வியர்வை ஒழுகித் தாளே நனைந்தது.

நீ லீவு முடிந்து வந்து, கல்யாண வீட்டு அதிரசத்தை என் கையில் திணித்துக்கொண்டே, "ஏழாம் நம்பரு எப்டிகீது?" என்று கேட்டாய். "அப்படியேதான் கீது அக்கா" என்றேன். வாயில் அதிரசம் இருந்தது. அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ தெரிந்துகொண்டால் நேரே ஏரிக்குப் போய் அவனோடு சண்டை போடுவாய், மறுநாள் மஞ்சள் வேனை எவனாவது மறிப்பான் என்று விட்டுவிட்டேன். மழைக்கு முன்னால் சொல்லலாம் என்றிருந்தேன். அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது. நான் சொல்லவே இல்லை.

கார்த்திகையில் அந்தக் காலை. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. மதகுக் கல்லிலிருந்து நேராக நாற்பதாவது காலடியில் நம் அளவெடுக்கும் இடம். இடுப்பு வரை வருகிற ரப்பர் பூட்ஸ் போட்டு நீ இறங்கினாய். நான் கழியை நீட்டினேன், அக்கா. சத்தியமாக நீட்டினேன். ஏன் கழி வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. "ஏய், இது நீ நடந்ததுதான?" என்று கேட்டாய். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வழக்கம் போல அடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டு போனாய். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, அங்கேயே நின்றது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர்கள் அவ்வளவு ஆழமாகத் தோண்டியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். முப்பத்தொண்ணு என்றாய். முப்பத்திரண்டு என்றாய். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த எண் வரவில்லையே என்று நிமிர்ந்தேன்.

தண்ணீரில் வட்டம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது. நீ நீச்சல் தெரிந்தவள்தான். பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் யாரால் மேலே வர முடியும்? நான் கத்தினேன். எதிர்க்கரையில் வலை விரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தெர்மகோல் மிதவையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்து சேரும் வரைக்கும் நான் கரையில் நின்றேன். இறங்கவில்லை. கழி என் கையில்தான் இருந்தது.

உன் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் யாரோ, "ஆழம் தெரியாம கால வுட்டுட்டாளே" என்று அழுதார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். ஆழம் தெரிந்துதான் நீ காலை விட்டாய். நான் எழுதிய ஆழம் அது.

விசாரணை என்று வந்தவர்கள் கால் சறுக்கியதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். தாளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனோ என்னவோ. பதினாறாம் நாள் உன் வீட்டுக்காரர், நான் ஏரிக்கரையிலேயே போட்டுவிட்டு வந்திருந்த இந்தக் கழியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "நீ கூட இருந்தியேம்மா, அதுவே போதும். அவ கழி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். வாங்கிக்கொண்டேன். எப்படி வாங்கினேன் என்று இன்றுவரைக்கும் எனக்கே புரியவில்லை. பிறகு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திருப்பதி லேபில் பாட்டில் கழுவிக்கொண்டு ஒளிந்திருந்தேன்.

போன வாரம் ஆள் இல்லை என்று மறுபடி ஏரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். முதல் தாள் ஏழாம் நம்பர்.

இன்று மதகுக் கல்லிலிருந்து நடந்தேன். தரை வெடித்துக் கிடந்தது. உன்னைப் போலவே சத்தமாக எண்ணினேன், எண்ணாவிட்டால் ஓடிவிடுவேன் என்று பயமாக இருந்தது. முப்பத்திரண்டு வரைக்கும் சமதரை. அடுத்த அடி வைக்க இடமில்லை. கத்தியால் வெட்டின மாதிரி செங்குத்தாக இறங்கியது குழி. பக்கத்தில் இன்னும் மூன்று குழிகள், இந்த வருஷத்து ஈரமண்ணோடு. சுற்றிக்கொண்டு போய், டிராக்டர் இறங்குகிற சரிவு வழியாகக் குழிக்குள் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. அடியில் நின்று கழியைச் சுவரோடு நிமிர்த்திப் பிடித்தேன். எட்டு வளையமும் முடிந்து, அதற்கு மேலேயும் ஒரு முழம் சுவர் இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். நீ கடைசியாகப் பார்த்தது இந்தச் சுவரைத்தானா அக்கா? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், அக்கட ஏம் சேஸ்துன்னாரு?"

மேலே விளிம்பில் அதே வெள்ளைச் சட்டைக்காரன், அங்கே என்ன செய்கிறேன் என்று கேட்கிறான். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அளக்கிறேன் என்றேன். அவன் குனிந்து என்னையே பார்த்தான். "பாத்து மேடம், மண்ணு சரிஞ்சிடப் போவுது. பொண்ணு வூட்ல காத்துக்கினு இருக்கும்" என்றான். அவன் நல்லதுக்குச் சொன்னானா, வேறெதற்காவது சொன்னானா என்று இந்த நிமிஷம் வரைக்கும் தெரியவில்லை. அவன் போகும் வரை அசையவில்லை. பிறகு கைகளை ஊன்றி மேலே ஏறி, வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். நீ சொன்ன மாதிரி முதலில் தின்றேன். இட்லி மண்ணாக இருந்தது. முழுசையும் தின்றேன்.

தாளை எடுத்து, மதகுக் கல்லிலிருந்து முப்பத்து மூன்றாவது காலடியில் குழி, எட்டடிக் கழிக்கும் மேல் ஆழம் என்று எழுதினேன். மற்ற மூன்றையும் அளந்து எழுதினேன். அடியில், எல்லோருக்கும் புரியட்டும் என்று தெலுங்கில், 'இது நான் நடந்து பார்த்த தரை. ஆனாலும் என் எழுத்தை நம்பிக் கழி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்' என்று எழுதி, முதலெழுத்து இல்லை, முழுப் பெயரையும் போட்டேன். தனியாக இன்னொரு காகிதத்தில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தரையில் நான் நடக்கவில்லை, நடந்ததாக எழுதியது பொய், அதை நம்பித்தான் நீ இறங்கினாய் என்று எழுதித் தாளோடு சேர்த்துப் பின் குத்தினேன்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். தெரியாத நம்பரிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. எடுக்கவில்லை. மகளை நாளைக்கு வேனில் அனுப்பாமல் நானே கொண்டுபோய் விடுவேன். வேலை போகுமா, போலீஸ் வருமா, அவன் வருவானா, ஒன்றும் தெரியவில்லை. பயம் போகவில்லை அக்கா, ஒரு துளிகூடப் போகவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று இதற்குள் இரண்டு தடவை பையைத் திறந்து பார்த்துவிட்டேன்.

நாளைக்கு ஆபீஸில் தாளைக் கொடுக்கும் முன்னால் உன் வீட்டுக்குப் போகிறேன். ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் வந்து உன் வீட்டுக்காரரை ஏற்றிக்கொள்வதற்குள் அவரிடம் என் வாயால் சொல்லிவிட வேண்டும், வேறு யாரோ சொல்லி அவர் கேட்கக் கூடாது. கழியையும் கொண்டுபோகிறேன். அவர் அதைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். நாளை மறுநாள் எட்டாம் நம்பர் ஏரி. அதற்கு வேறு மூங்கில் வெட்டிக்கொள்ள வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வைத்துவிட்டேன்.