ஒன்பது பேர் போட்ட கையெழுத்து

அன்புள்ள ஜோதிகாவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நான் துபாய் வர வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தேன். உனக்கோ, ஒரு கிரைண்டர் வாங்கும் வங்கிக் கடனுக்கு, "அவ கட்டாட்டி நாங்க கட்டுறோம் சார்" என்று உன் மகளிர் குழுப் பெண்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. போனில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். விடுப்பில் ஊருக்கு வந்து திரும்பிய நம்மூர் இனியன், "அண்ணே, மதினிகிட்ட மாவு வாங்க வரிசையில நிக்கிறாக" என்கிறான்.

கட்டடச் சாரத்தில் வழுக்கிக் கால் லேசாகப் பிசகியது, பயப்படாதே, நடக்கிறேன். இரண்டு நாள் அறையில் தனியாகப் படுத்திருந்தேன். உன் கிரைண்டர் ஓடும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. உன் கடைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் என்னைக் கேள்.

விஜயபாண்டி