குவார்ட்டர்ஸ் காலி செய்த பிறகு

ஆகஸ்ட் 4, திங்கள்
மந்தாரக்குப்பத்துக்குக் குடிவந்து ஒன்பது நாள். காலை ஏழரைக்குப் புடவை மாற்றி, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். எந்த ஆபீசுக்கு? ரிட்டயர் ஆகி இரண்டு மாதம் ஆகிறது கண்ணகி!

ஆகஸ்ட் 7
இன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
மகள் எழில்மதி ஓசூரிலிருந்து பேசினாள். "நிம்மதியா ரெஸ்ட் எடும்மா."

இருபத்தாறு வருஷம் மைன்ஸ் டைம் ஆபீசில் ஷிப்ட், லீவு கணக்கு எழுதியவள் நான். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருக்குப் பதிலாகக் கிடைத்த வேலை. முதலில் 'கலியமூர்த்தி சம்சாரம்' என்றார்கள். 'மேடம்' ஆக ஆறு வருஷம் பிடித்தது. இங்கே ஹவுஸ் ஓனர் வாய்க்கு நான் 'மாடி வூட்டு ஆயா'. ரெஸ்ட்டாம், ரெஸ்ட்! அழுகை அழுகையாக வருகிறது.

ஆகஸ்ட் 16
பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். ஒரு பிடி முருங்கைக்கீரை கேட்பது சாக்கு. அந்த வரிசையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. புதிதாக வந்திருக்கும் மலர்கொடி கேட்டைத் திறந்தாள்.

"வூட்டு வேலைக்குத்தான வந்தீங்க? ரெண்டு நாளா ஆள் தேடிக்கினு இருக்கேன். உள்ள வாங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். பேர் கேட்டாள். அம்மாவின் பேரைச் சொன்னேன் — வள்ளியம்மாள்.

கூட்டினேன், என் வீட்டை. அவர் படம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது.

ஆகஸ்ட் 17
போகக் கூடாது. எழிலுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.
போனேன்.

ஆகஸ்ட் 21
"வள்ளிம்மா, காபி ஆறிடப் போவுது, குடிங்க" என்கிறாள். ஒருத்தி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அது என் பேர் இல்லை, சரி. அதனால் என்ன?

ஆகஸ்ட் 25, திங்கள்
போன வாரம் மலர்கொடியின் கணவருக்கு விடியற்காலை முதல் ஷிப்ட். நான் போகும்போது வீட்டில் இருக்கவே மாட்டார். திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு ஷிப்ட் எழுதிய கை இது! மறந்துவிட்டேன். இன்று அவர் வீட்டில் இருந்தார்.

நெடுமாறன். கன்வேயர் செக்‌ஷன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பத்து வருஷம் என்னிடம்தான் லீவு லெட்டர் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை வைத்துவிட்டுச் சட்டென்று எழுந்தார்.

"டைம் ஆபீஸ் மேடம் மாதிரியே இருக்கீங்க... மேடம்ங்களா?"

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே மூன்று மாதமாக ஏங்கிக் கிடந்தேன்? கையில் துடைப்பம். மலர்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க. நான் வள்ளியம்மா."

அவர் உட்கார்ந்து மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். நான் அடுத்த அறையைக் கூட்டப் போனேன்.