குடித்துவிட்ட காபி

அன்புள்ள ரஜ்வா,

சொல் வராமல் நாக்குத் தவிப்பதை அரபியில் 'தலாதும்' என்கிறோம். வகுப்பில் அதற்கு நான் சொல்லும் உதாரணம், நீதிபதி முன் நிற்கும் திருடன். அதை மாற்ற வேண்டும்.

நேற்று உன்னைத் திரும்ப அழைத்துப்போகத்தான் வந்தேன். உன் அப்பா காபி வைத்தார். கேட்க வந்தவன் சம்மதம் கிடைக்கும்வரை கோப்பையைத் தொடக்கூடாது. தொட்டால், கேட்க ஒன்றுமில்லை என்று பொருள். இது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். "மன்னித்துவிடு" என்ற சொல் வரவில்லை. வாய் உலர்ந்துபோய்க் குடித்துவிட்டேன்.

"ஓ, காபிக்குத்தான் வந்தீங்களா மாப்பிள்ளை? இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றார்.

திரைக்குப் பின்னால் நீ பெட்டியோடு நின்றதைப் பார்த்தேன். "காபி நல்லாருக்கு மாமா" என்றேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன். கோப்பை ஆறிப்போனாலும், சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். பெட்டியைப் பிரித்துவிடாதே.

உன் அரபி வாத்தியார்