தூணுக்குப் பின்னால் நின்ற வண்டி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் மாமாவும் சுகம்தானே? போனில் பேசினால் நாம் இருவரும் மூன்றாவது வாக்கியத்திலேயே குரலை உயர்த்திவிடுகிறோம். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதை உன் தம்பியாக எழுதுகிறேன். ஆனால் கார் கம்பெனியின் டீலர் பிரிவில் உட்கார்ந்திருப்பதால்தான் இந்தச் செய்தி எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. இந்த ஆண்டுக்குள் டீலர்களில் பாதிப் பேரைக் குறைக்கப் போகிறார்கள். மின்சார கார் விற்கிறவர்கள் இருப்பார்கள். மற்றவர்களிடமிருந்து ஏஜென்சியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதன்பிறகு வாங்குகிறவர்கள் கைப்பேசியில் பதிவு செய்வார்கள், வண்டி நேராக வீட்டு வாசலுக்குப் போகும். நடுவில் ஷோரூமே கிடையாது. போன வருடம் உனக்கு இரண்டு மின்சார கார்களை அனுப்பினோம். இரண்டும் இன்னும் உன்னிடமே நிற்கின்றன.

விற்றாலும் என்ன லாபம் சொல்? அந்த வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், பெல்ட் வேண்டாம். நம் வீட்டில் அடுப்பு எரிந்தது பின்கட்டு ஒர்க்‌ஷாப்பினால்தான், முன்னால் பளபளத்த கார்களால் அல்ல. இது உனக்குத் தெரியாததா?

செப்டம்பர் வரை பார்ப்பார்கள். அதற்கு முன்பு நீயாகவே ஏஜென்சியைக் கொடுத்துவிட்டால் கம்பெனி கௌரவமாக நடந்துகொள்ளும். யோசித்துச் சொல்.

அப்பா ஷோரூமில் தன் நாற்காலியை உன்னிடம் கொடுத்ததை மனதில் வைத்து இப்படிச் சொல்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

உன் தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை ஷோரூமில் பிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே எங்கள் ஆட்கள் முழுச் செய்தியையும் படித்துவிடுவார்கள். வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் படித்தேன். 'கௌரவமாக நடந்துகொள்ளும்' என்ற வரி, பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளிக்கு நல்ல அறை கொடுப்பதுபோல் இருந்தது.

கோபம் வந்தது. பிறகு, கோபப்படுவதற்கு நீ பொய் எதுவும் சொல்லவில்லையே என்று இன்னும் கோபம் வந்தது.

அந்த இரண்டு மின்சார கார்களும் எங்கே நிற்கின்றன என்று மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். ஒன்று கிடங்கில், உறை போட்டபடி. ஓட்டிக் காட்டுவதற்கான மற்றொன்று ஷோரூமின் கடைசித் தூணுக்குப் பின்னால். அதன் கூரையில் யாரோ மதியச் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்கள். நம் மூத்த விற்பனையாளரிடம் ஏன் என்று கேட்டேன். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, அப்பாவோடு சேர்ந்தவர், சிரிக்காமலே சிரிப்பு மூட்டுகிறவர். "அது ரொம்ப அடக்கமான வண்டிம்மா, யார் கண்ணுலயும் படாது" என்றார்.

இன்னொன்றும் சொல்கிறேன். போன மாதம் நீ எங்கள் சாலை வழியாகப் போனாய். உன் பழைய டீசல் வண்டியின் சைலன்சர் சத்தம் எனக்குத் தெரியாதா? கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தேன். நம் வாசல் வந்ததும் சத்தம் தணிந்தது. தாண்டியதும் மறுபடி கூடியது. அப்பா போனபிறகு நீ இந்தப் படி ஏறவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாயோ என்ற பயம்.

ஏஜென்சியைத் தரமாட்டேன். செப்டம்பர் வரை பொழுது இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள தம்பி,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை, எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தூணுக்குப் பின்னாலிருந்த வண்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஆட்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் யார் ஓட்டிப் பார்க்கக் கேட்டாலும் சார்ஜ் இருக்காது. பாதி வழி போய்த் திரும்புவார்கள். ஒரு வங்கி அதிகாரியை மேம்பாலத்தின் அடியிலிருந்து இழுத்துவர வேண்டியதாகிவிட்டது. அவர் இறங்கி, எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். வாங்க வந்தவர் விற்கிறவளுக்கு ஆறுதல் சொன்னால் அந்த வியாபாரம் உருப்படுமா?

தினமும் மாலையில் நானே சார்ஜரை மாட்டிவிட்டுப் போவேன். காலையில் வந்து பார்த்தால் மாட்டியபடியேதான் இருக்கும். வண்டியில் மட்டும் சார்ஜ் இருக்காது. வண்டியில்தான் கோளாறு என்று உன் கம்பெனிக்கு ஒரு காரமான கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை. ஒருநாள் சீக்கிரம் வந்தேன். நம் ஒர்க்‌ஷாப் தலைவர் சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தார். மாலையில் நான் போனதும் அதை அணைப்பார், காலையில் நான் வருவதற்கு முன் போட்டுவிடுவார்.

யாரென்று புரிந்திருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கோளாறு சொல்வாரே, நாமெல்லாம் டாக்டர் என்று கூப்பிடுவோமே, அவரேதான்.

"என்ன டாக்டர் இது?" என்றேன்.

அவர் மழுப்பவில்லை. "நீங்க அதை வித்துட்டீங்கன்னா அது திரும்ப எங்ககிட்ட வராதும்மா. ஆயில் கிடையாது, பிளக் கிடையாது. காதை வச்சுக் கேக்க ஒண்ணுமே கிடையாது. பின்னாடி பன்னிரண்டு பேர் வேலை பாக்குறோம். அது வாசலுக்கு உள்ள வந்தா நாங்க வாசலுக்கு வெளியதான் நிக்கணும்."

"வராட்டி ஷோரூமே இருக்காது. அப்ப எங்க நிப்பீங்க?"

"அது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு யார் சொன்னா?"

தம்பி, அவர் கேட்டது என்னைச் சுட்டது. உண்மைதானே? உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. முகத்தில்கூடத் தெரியக்கூடாது என்று காரை ஓரம் கட்டிப் படித்தவள் அல்லவா நான். அன்று காலையே எல்லாரையும் ஒர்க்‌ஷாப்பில் கூட்டி, செப்டம்பர் விஷயத்தை அப்படியே சொன்னேன். கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த மின்சார காரின் சாவியை டாக்டர் கையில் கொடுத்தேன். "ஒரு மாசம் இது உங்க வண்டி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எங்கெல்லாம் தேயுது, எங்கெல்லாம் கெடுதுன்னு எனக்குச் சொல்லுங்க. சார்ஜ் போடுறதும் நிறுத்துறதும் உங்க இஷ்டம்."

மூத்த விற்பனையாளர் பின்னாலிருந்து, "இத்தனை நாளும் அப்படித்தானேம்மா நடந்துச்சு" என்றார்.

உன் அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். வியாபாரத்தைக் கெடுத்தவருக்கு வேறு எவனாவது வண்டியைப் பரிசாகக் கொடுப்பானா? வேறு டீலராக இருந்தால் அன்றே கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்.

நீ அப்பா மாதிரியே செய்கிறாய். அப்பா காலத்தில் அது எடுபட்டது. இங்கே கூட்டத்தில் யாரும் உன் மனதைப் பார்க்கப் போவதில்லை. எத்தனை விற்றாய் என்றுதான் கேட்பார்கள். மறுபடி சொல்கிறேன், நேரம் இருக்கும்போதே விட்டுவிடு.

இதை அதிகாரியாகச் சொல்கிறேனா தம்பியாகச் சொல்கிறேனா என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

உன் தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பி,

முதல் மின்சார கார் விற்றது! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு படித்துக்கொள்.

வாங்கியவர் ஒரு நர்ஸ். பொழுது விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர். கைக்குழந்தைக்காரி. கணவர், மாமியார், தோளில் தூங்கும் குழந்தை என்று குடும்பத்தோடு வண்டி எடுக்க வந்தார்கள். நம் ஷோரூமின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. சாவி கொடுக்கும்போது எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, இன்ஜினை முதல்முதலாக ஓடவிட்டுக் கேட்க வைப்பார் அப்பா. சிறுவயதில் நீ அந்த அமைதியைக் கெடுக்கவென்றே முன் சீட்டில் ஏறி ஹாரன் அடிப்பாய்.

நம் மூத்த விற்பனையாளர் பழக்க தோஷத்தில், "எல்லாரும் கண்ணை மூடிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. ஓடவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினார். அப்போதும் இல்லை. இன்னொரு தடவை. குடும்பமே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. மாமியார் மூடிய கண்ணோடு, "ஆரம்பிச்சாச்சா?" என்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது. மேம்பாலத்து வங்கி அதிகாரி வேறு நினைவுக்கு வந்தார்.

டாக்டர் பின்கட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். "அண்ணே, அது முதல் தடவையே ஆன் ஆயிடுச்சு. நீங்கதான் போட்டுப் போட்டு அணைக்கிறீங்க."

சுவிட்சை அணைப்பதில் அவருக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கு உண்டு?

மாமியார்தான் முதலில் சிரித்தார். பிறகு ஷோரூமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. நர்ஸ் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "பாத்தீங்களா, வண்டிக்கு எந்திரிக்கல, நமக்குத்தான் எந்திரிச்சுது. நான் இதை வாங்குறதே அதுக்குத்தான்" என்றார். அந்த ஒரு பேச்சை நம் ஆட்கள் இப்போது வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். அவருடைய மருத்துவமனையிலிருந்து மட்டும் பலர் வந்துவிட்டார்கள்.

வழக்கத்தை நான் மாற்றவில்லை. இப்போதும் கண்ணை மூடச் சொல்கிறோம். ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மனிதர்கள் முகம் எவ்வளவு இளகிவிடுகிறது தெரியுமா? இத்தனை வருடம் நான் அதைக் கவனித்ததே இல்லை. இன்ஜினைத்தான் கவனித்திருக்கிறேன்.

இனி டாக்டர் கதை. மாதம் முடிந்து வந்து ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். "இது கனமான வண்டிம்மா, டயரைத் தின்னுடும். பிரேக்கை யாரும் மிதிக்கிறதே இல்ல, அதனால துருப்பிடிக்கும். ஏசி போச்சுன்னா பேட்டரிக்கும் சேத்து ஆபத்து. எங்களுக்கு வேலை இருக்குது. வேற வேலை." பிறகு தயங்கி, "என் வீட்டுக்காரி வண்டியைத் திருப்பிக் குடுக்க மாட்டேங்கிறா" என்றார். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

பெரிய விஷயம் அதற்கும் மேலே. ஒரு டாக்ஸி ஓட்டுநர், வேறு கம்பெனியின் பழைய மின்சார காரை விலைபேசிவிட்டு, பேட்டரி தேறுமா என்று கேட்டு வந்தார். ஊரில் அதைச் சொல்ல ஆளில்லை. டாக்டர் கருவியை மாட்டிப் பார்த்தார், முழுக்க சார்ஜ் ஏற்றித் தானே ஓட்டிப் பார்த்தார், "வேணாம்ப்பா, இது இளைச்ச குதிரை" என்று சொல்லிவிட்டார். அந்த ஓட்டுநர் தன் நண்பர்கள் அத்தனை பேரையும் அனுப்பிவைத்தார். இப்போது வாசலில் பலகை வைத்திருக்கிறோம்: 'எந்தக் கம்பெனி மின்சார காரானாலும் பேட்டரி பார்த்துச் சொல்லப்படும்.' பார்க்க வருகிறவர்கள் சார்ஜ் ஏறும்வரை ஷோரூமில் உட்காருகிறார்கள். உட்காருகிறவர்கள் சுற்றிப் பார்க்கிறார்கள். சுற்றிப் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்த மனிதர், இப்போது ரப்பர் கையுறையோடு ஆறு இளைஞர்களை அதட்டுகிறார். பின்கட்டில் யாரையும் நான் வெளியே அனுப்பவில்லை.

இடம் போதாததால் அப்பா அறையின் சுவரை இடித்துக் காத்திருப்போர் கூடத்தோடு சேர்த்துவிட்டேன். நாற்காலி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். நேற்று அந்த நர்ஸின் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

நீ ஒருமுறை வந்து பார்க்கலாம்.

உன் அக்கா


செப்டம்பர் 17

அன்புள்ள அக்கா,

வேறு கம்பெனி வண்டிகளை நம் வளாகத்தில் ஏற்றுவது விதிப்படி தவறு. ஆகையால் உன் போன கடிதத்தின் அந்தப் பகுதியை நான் படிக்கவில்லை. படிக்காத அந்தப் பகுதியைத்தான் நேற்று கூட்டத்தில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன்.

உன் ஷோரூம் தப்பிவிட்டது. சும்மா தப்பவில்லை அக்கா, எங்கள் பகுதி டீலர்களில் மின்சார கார் விற்பனையில் நீதான் முதலிடம். திரையில் உன் ஷோரூமின் படம் போட்டார்கள். வாசலில் அந்தப் பலகை, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு டாக்டர். எங்கள் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டுக் கேட்டார்: "இந்தம்மா யாரு? இவங்க பேரை மூடப்போற டீலர் லிஸ்ட்ல யாரு எழுதினது?"

நான் எழுந்து நின்றேன். "எழுதினது நான் சார். அவங்க எங்க அக்கா."

இத்தனை வருடமாக இங்கே நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னவுடன் பக்கத்திலிருந்தவர் கைகொடுத்தார். ஏதோ நான்தான் விற்றேன் என்பதுபோல நானும் கையைக் குலுக்கினேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மற்ற ஊர்களிலும் பேட்டரி பார்க்கும் இடம் திறக்கப் போகிறார்கள். சொல்லிக்கொடுக்க டாக்டரை அனுப்புவாயா என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன். அனுப்பாதே, உனக்கு வேண்டும்.

அக்கா, என் டீசல் வண்டி இனிமேல் தாங்காது. புதிது வாங்க வேண்டும். ஊழியர் என்ற முறையில் இங்கேயே பதிவு செய்தால் வண்டி என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். எனக்கு வாசலுக்கு வர வேண்டாம். நானே வருகிறேன், வரும் சனிக்கிழமை. பழையதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடு. அந்த நாற்காலி காலியாக இருந்தால் கொஞ்சம் உட்காருகிறேன். இல்லையென்றால் அந்த மாமியாருக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

கண்ணை மூடச் சொன்னால் மூடுவேன். இந்த முறை கெடுக்க மாட்டேன்.

உன் தம்பி


செப்டம்பர் 20

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமைக்குப் பிறகு டாக்டரை இரண்டு வாரத்துக்கு அனுப்புகிறேன். கேட்டவுடன் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். அவர் மனைவிதான், "வண்டி இங்கயே இருக்கட்டும், மனுஷன் மட்டும் போகட்டும்" என்றாராம்.

அந்த லிஸ்டில் என் பேரை எழுதியது நீ என்று பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். வேறு யார் எழுதியிருந்தாலும் எனக்கு முன்கூட்டிக் கடிதம் வந்திருக்குமா?

உனக்கான வண்டி கண்ணாடிக்கு நேரே, முதல் வரிசையில் நிற்கிறது. நீலம். மூத்த விற்பனையாளர் ஏழெட்டு தடவை துடைத்துவிட்டார். தள்ளுபடி கேட்காதே. உன் பழைய வண்டிக்கு டாக்டர் சொல்வதுதான் விலை, அவர் உன்னைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர் என்பதால் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்.

சனிக்கிழமை நீ வரும்போது யாரும் எனக்கு வந்து சொல்ல வேண்டியதில்லை. சாலை முனையிலேயே அந்தச் சைலன்சர் சத்தம் கேட்கும். வாசலில் அது நிற்பதையும் கேட்பேன்.

ஆனால் அதற்கடுத்த முறை அந்த நீல வண்டியில் சத்தமில்லாமல் வருவாய், எனக்குத் தெரியாது. ஆகையால் வாசலுக்கு வந்ததும் ஹாரன் அடி. நீளமாக அடி. யார் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை.

உன் அக்கா